பந்தய எஞ்சினின் உடற்கட்டு



மோட்டார் வண்டியின் முன்மூடியைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் முதலிற் படுபவை கம்பிகளும் குழாய்களும் மின்கலமும் விசிறியுமே. அவற்றுக்கெல்லாம் அடியில், எண்ணெய்க் கறை படிந்து, எவருடைய கவனத்தையும் வேண்டாது இரும்புக் கட்டி ஒன்று கிடக்கும். அதனையே மெக்கானிக்குகள் எஞ்சின் புளொக் என்று சொல்வர். அது தானாக அசைவதில்லை. ஆனால் அசைவனவெல்லாம் அதனைப் பற்றிக்கொண்டே அசைகின்றன. நம் பாடநூல்கள் முசலம் என்று குறிப்பிடும் பிஸ்டன் ஏறி இறங்குவது அதன் துளைகளில். கிராங்குத் தண்டு சுழல்வது அதன் அடிவயிற்றில். வெப்பத்தைத் தணிக்கும் நீரும் உராய்வைக் குறைக்கும் எண்ணெயும் ஓடுவது அதன் உள்வழிகளில்.

சாமான் ஏற்றும் லொறி ஒன்றில் இத்தகைய புளொக் இருபது ஆண்டுகள் சலிக்காமல் உழைக்கும். அதே வகைப் புளொக்கைப் பந்தயத்துக்கு விட்டாலோ, சில மணித்தியாலங்களிலேயே வெடித்துவிடக் கூடும். நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலைப்பாதையிற் கார்கள் உறுமிக்கொண்டு ஏறுவதைக் கண்டு களித்தவர்கள் உங்களிற் பலர் இருப்பீர்கள். அந்த உறுமலுக்குள்ளே இரும்பு என்ன பாடுபடுகிறது, அது பிளந்து போகாதிருக்க மனிதர் என்ன உபாயம் செய்கின்றனர் என்பதைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

எடுத்துக்காட்டாக ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் கிறைஸ்லர் கொம்பனியார் பந்தயத்தில் வெல்வதற்கென்றே அமைத்து, 1964ஆம் ஆண்டு களத்தில் இறக்கிய எஞ்சின் அது. அதன் கொள்ளளவு 426 கன அங்குலம். எட்டுச் சிலிண்டர்கள் இரு வரிசையாக, விரித்து வைத்த புத்தகத்தின் இரு பக்கங்களைப் போலச் சாய்ந்து நிற்கும். எரிபொருள் எரியும் அறை அரைக்கோள வடிவமுடையது. அதனாற் பந்தய உலகம் அதனை ஹெமி என்று செல்லப் பெயரிட்டு அழைத்தது.

அந்த எஞ்சினின் ஒரு சிலிண்டருக்குள் நடப்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். துளையின் விட்டம் நாலேகால் அங்குலம். ஆகவே பிஸ்டனின் தலைப்பரப்பு 14 சதுர அங்குலத்துக்குச் சற்றுக் கூடும். எரிபொருள் பற்றும் வேளையிற் சதுர அங்குலத்துக்கு 1000 இறாத்தல் அமுக்கம் உண்டாகிறது என்று வைத்துக்கொண்டால், அந்தச் சிறு வட்டத்தின்மீது 14,000 இறாத்தல், அதாவது ஆறு தொன்னுக்கு மேற்பட்ட பாரம் விழுகிறது. சாமான் நிறைந்த லொறி ஒன்றைத் தூக்கி ஒரு சாப்பாட்டுக் கோப்பையின் மேல் இறக்கியது போன்ற நிலை இது. எஞ்சின் நிமிடத்துக்கு 7000 முறை சுழன்றால், ஒரு சிலிண்டரில் இந்த அடி நிமிடத்துக்கு 3500 முறை விழும். ஒரு செக்கனுக்கு 58 அடிகள்!

அடி மட்டுமன்று. பிஸ்டன் மேலே ஓடி நின்று, திரும்பிக் கீழே ஓடி, மறுபடியும் நிற்கிறது. அந்த வேகத்தில் அது நிமிடத்துக்கு 14,000 முறை நின்று திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் அதன் பாரம் கிராங்குத் தண்டைப் பிடித்து இழுக்கிறது. இங்கேதான் பந்தயக்காரரைப் பயமுறுத்தும் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. சுழற்சி வேகம் இரண்டு மடங்கானால் இந்த இழுவிசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. 3500 சுற்றில் அடக்கமாக ஓடிய எஞ்சினை 7000 சுற்றுக்கு விரட்டுபவர், அதன் எலும்புகளிடம் நான்கு மடங்கு வலிமையைக் கேட்கிறார் என்பதை உணர வேண்டும்.

இவ்விசைகள் புளொக்கை என்ன செய்கின்றன? வெடிப்பு மேலே சிலிண்டர்த் தலையைத் தூக்கித் தள்ளுகிறது. கீழே பிஸ்டன் வழியாகக் கிராங்குத் தண்டை அமுக்குகிறது. மேலே தலையை இறுக்கும் போல்ட்டுகளும், கீழே தண்டைத் தாங்கும் பெயரிங் மூடிகளின் போல்ட்டுகளும் புளொக்கிலேயே வேரூன்றியுள்ளன. ஆகவே கயிறிழுப்புப் போட்டியில் நடுவே அகப்பட்ட கயிற்றின் கதிதான் புளொக்குக்கு. செக்கனுக்குப் பல நூறு முறை அது இழுபட்டுத் தளர்கிறது. இன்னொரு விசையும் உண்டு. பிஸ்டனைக் கிராங்குத் தண்டோடு பிணைக்கும் இணைதண்டு சாய்ந்து நின்று தள்ளுவதால், பிஸ்டன் நேரே இறங்காமற் சிலிண்டர்ச் சுவரின் ஒரு பக்கத்தை உந்திக்கொண்டே இறங்குகிறது. சுவரின் எல்லாப் பக்கமும் ஒரே அளவு பாடுபடுவதில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை இதிலேதான் திரும்பப்போகிறது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் டேட்டோனா என்று ஒரு கடற்கரை நகரம் உண்டு. அங்குள்ள பந்தயப் பாதை இரண்டரை மைல் நீளமானது. அதன் வளைவுகள் 31 பாகை சரிவாகச் சுவர்போல் எழுந்து நிற்பவை. சரிவு கார்களைத் தாங்கிக்கொள்வதால், சாரதிகள் வளைவிலும் வேகத்தை அதிகம் தணிப்பதில்லை. அப்பாதையில் 200 சுற்று, 500 மைல் ஓட வேண்டும். மனிதனுக்கு அது மூன்று மணித்தியாலச் சோதனை. எஞ்சினுக்கோ ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட அடிகளைத் தாங்கும் சோதனை.

1964ஆம் ஆண்டுப் போட்டி பெப்ரவரி 23ஆம் திகதிக்கு நியமிக்கப்பட்டிருந்தது. ஹெமி எஞ்சினோ முதன்முதலிற் சோதனை மேடையில் ஓடத் தொடங்கியது 1963ஆம் ஆண்டின் இறுதியிலேதான். வலு எதிர்பார்த்தபடியே பெருகியது. ஆனாற் போட்டிக்குச் சில வாரங்களே இருக்கையில், நெடுநேரம் முழு வேகத்தில் ஓடவிட்ட எஞ்சின்களில் சிலிண்டர்ச் சுவர்கள் வெடிக்கத் தொடங்கின. வெடிப்புக் கண்ட இடம் எது? பிஸ்டன் சாய்ந்து உந்தும் அந்தப் பக்கமே.

பொறியியலாளர் நிலையைச் சிந்தித்துப் பாருங்கள். புளொக் என்பது சந்தையில் வாங்கி மாட்டும் உறுப்பன்று. அது வார்ப்புச் சாலையில் உருகிய இரும்பை ஊற்றிப் பெறுவது. எல்லாச் சுவர்களையும் இரட்டிப்புத் தடிப்பாக்கிவிட்டால் என்ன என்று நமக்குத் தோன்றலாம். அப்படிச் செய்தாற் சுவர்களைச் சூழ்ந்து நீர் ஓடும் வழி ஒடுங்கிவிடும். நீர் ஒடுங்கினால் வெப்பம் தங்கும். வெப்பம் தங்கினாற் புதிய இடத்திற் புதிய வெடிப்புத் தோன்றும். எனவே விசை விழும் பக்கத்தில் மட்டும் இரும்பைக் கூட்டுவதே அவர்கள் கண்ட பரிகாரம்.

இதிலே வார்ப்புத் தொழிலின் வினோதம் ஒன்றையும் கவனிக்க வேண்டும். புளொக்குக்குள் நீர் ஓடும் வெற்றிடத்தை அமைப்பதற்காக, அச்சுக்குள்ளே மணலாற் செய்த கரு ஒன்றை வைப்பார்கள். இரும்பு ஆறிய பின் அம்மணலை உதிர்த்து வெளியேற்றுவார்கள். மணல் இருந்த இடம் வெற்றிடமாகும். ஆகவே இரும்புச் சுவரைத் தடிப்பாக்க விரும்புபவன் இரும்பைத் தொடுவதில்லை. மணற் கருவைச் சிறிது தேய்த்துவிடுகிறான். மணல் குறைந்த அளவுக்கு இரும்பு கூடுகிறது. அவ்வாறு தடித்த சுவர்களோடு வார்க்கப்பெற்ற புதிய புளொக்குகள், போட்டி நெருங்கிய கடைசி நாள்களில் டேட்டோனாவை வந்தடைந்தன.

சுவர் ஒருபுறமிருக்க, அந்த எஞ்சினின் அடிப்பாகத்திலும் தக்க பாதுகாப்புச் செய்யப்பட்டிருந்தது. கிராங்குத் தண்டைக் கீழிருந்து அணைத்துப் பிடிக்கும் பெயரிங் மூடிகள் ஐந்து. சாதாரண எஞ்சினில் ஒவ்வொரு மூடிக்கும் கீழிருந்து மேலாக இரண்டு போல்ட்டுகள் போதும். ஆனாற் சிலிண்டர்கள் இரு புறமும் சாய்ந்து நிற்கும் எஞ்சினில், அடி வலப்பக்கத்திலிருந்தும் இடப்பக்கத்திலிருந்தும் மாறி மாறி விழுகிறது. மூடிகள் மெல்ல மெல்ல இடமும் வலமும் அசைந்து தம் இருக்கையை அரிக்கத் தொடங்கும். பந்தற்கால் பக்கவாட்டில் ஆடினால் நாம் என்ன செய்கிறோம்? இன்னும் ஆழமாக நடுவதோடு நில்லாமற் குறுக்குக் கழி ஒன்றையும் கட்டுகிறோம். கிறைஸ்லர் பொறியியலாளரும் அதையே செய்தனர். புளொக்கின் இரு பக்கச் சுவர்களையும் கிராங்குத் தண்டுக்குக் கீழே வரை இறக்கி, அச்சுவர்களின் ஊடாகக் குறுக்குப் போல்ட்டுகளைச் செலுத்தி, நடுவில் உள்ள மூன்று மூடிகளையும் இரு புறமும் பிணைத்தனர். போட்டியாளரான போர்ட் கொம்பனியாரும் தமது 427 கன அங்குல எஞ்சினில் இதே முறையைக் கையாண்டிருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

முடிவு என்ன? ரிச்சர்ட் பெட்டி என்னும் சாரதி 200 சுற்றுகளில் 184 சுற்றுகள் முன்னணியில் ஓடி, சராசரி மணிக்கு 154 மைல் வேகத்தில் வெற்றி பெற்றார். இரண்டாம் இடம் ஜிம்மி பார்டியூவுக்கு; மூன்றாம் இடம் போல் கோல்ட்ஸ்மித்துக்கு. மூவரும் ஓட்டியவை ஹெமி எஞ்சின் பொருத்திய பிளிமத் கார்கள்.

பெரிய கொம்பனி புதிதாக வார்த்துக்கொள்ளலாம். கராஜில் இருப்பவனுக்குக் கிடைத்த புளொக்கே கதி. அவன் அதனைப் பந்தயத்துக்கு ஆயத்தம் செய்வது எவ்வாறு?

முதலில் அவன் செய்ய வேண்டியது பலப்படுத்தல் அன்று, பரிசோதனை. புளொக்கை நன்றாகக் கழுவி, காந்தமூட்டி, நுண்ணிய இரும்புத் துகளைத் தூவினால், கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பின் வழியே துகள்கள் கோடாகத் திரண்டு நிற்கும். ஒலியலைக் கருவி கொண்டு சிலிண்டர்ச் சுவரின் தடிப்பைப் பல இடங்களில் அளக்கலாம். வார்க்கும்போது மணற் கரு சற்றே விலகியிருந்தால், ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். மெலிந்த பக்கம் உந்துவிசை விழும் பக்கமாக அமைந்துவிட்டால், அந்தப் புளொக்கை ஒதுக்கிவிடுவதே அறிவுடைமை. நல்ல புளொக்கைத் தெரிந்தெடுப்பது, கெட்ட புளொக்கைத் திருத்துவதிலும் மலிவானது.

அடுத்தது அடிப்பாகம். வார்ப்பிரும்பு மூடிகளை நீக்கி உருக்கு மூடிகளை இடுவர்; இரண்டு போல்ட்டுக்குப் பதில் நான்கு போல்ட்டு வைப்பர். பின்னர் ஐந்து பெயரிங் துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமையுமாறு மறுபடியும் துளையிட்டுச் செப்பஞ்செய்வர். இதனைச் செய்யாது விட்டாற் புதிய மூடிகளே கிராங்குத் தண்டுக்குப் பகையாகிவிடும்.

அடுத்தது சிலிண்டர். சுவர் மெலிந்திருந்தால் அதனைக் கடைந்து அகலமாக்கி, உள்ளே நல்ல இரும்பாலான சிலீவ் ஒன்றை இறுக்கிச் செலுத்தலாம். பழைய லொறிகளுக்கு நம் நாட்டுக் கராஜ்களிற் செய்யும் வேலைதான் இது. பந்தயத்தில் அளவின் நுட்பம் மட்டும் மிகுதி. அந்த நுட்பத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். புளொக் தனியே கிடக்கும்போது சிலிண்டரைச் சரியான வட்டமாகக் கடைந்துவிடலாம். ஆனாற் சிலிண்டர்த் தலையை மேலே வைத்துப் போல்ட்டுகளை இறுக்கியதும், இரும்பு இழுபட்டு வட்டம் சற்றுக் கோணிவிடுகிறது. கோணல் ஒரு தலைமயிரின் தடிப்பிலும் குறைவானதே. ஆயினும் எரிவாயு கீழே கசிந்து செல்வதற்கு அது போதும். ஆகவே கைதேர்ந்தவர்கள், தலைக்குப் பதிலாகத் தடித்த உலோகத் தகடு ஒன்றை அதே இறுக்கத்திற் பூட்டி வைத்துக்கொண்டு, அதன் துளைகளின் ஊடாகவே சிலிண்டரைத் தீட்டி முடிப்பார்கள். இரும்பு உழைக்கும்போது எந்த நிலையில் இருக்குமோ அந்த நிலையில் வைத்தே அதற்கு வடிவம் கொடுக்கிறார்கள். எத்துணை ஆழ்ந்த உபாயம் பாருங்கள்!

கால் மைல் தூரம் மட்டும் ஓடும் குறுகிய போட்டிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. நீர் ஓடும் அறையின் கீழ்ப்பாதியிற் சீமெந்து போன்ற கலவையை ஊற்றி இறுகச் செய்துவிடுவார்கள். சிலிண்டர்களின் அடிப்பாகம் கல்லாற் கட்டியது போல் அசையாது நிற்கும். ஆனாற் குளிரும் தன்மை குறைந்துவிடும். சில செக்கன் ஓடி நிற்கும் வண்டிக்கு அது தகும். 500 மைல் ஓடும் வண்டிக்கு அதுவே யமனாகும். ஒருவனுக்கு மருந்து மற்றவனுக்கு நஞ்சு என்பது எஞ்சினுக்கும் பொருந்துகிறது.

இரும்பின் உள்ளே இருக்கும் இன்னொரு பகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வார்ப்பு ஆறும்போது மெல்லிய பாகங்கள் முந்தியும் தடித்த பாகங்கள் பிந்தியும் குளிர்கின்றன. அதனால் ஒன்றையொன்று இழுக்கும் ஓர் இறுக்கம் இரும்பினுள்ளே குடிகொண்டுவிடுகிறது. புதிய புளொக் பார்வைக்குச் சாந்தமாக இருந்தாலும், உள்ளே பிணக்கோடுதான் இருக்கிறது. வேலை கொடுத்ததும் அது கோணத் தொடங்கும். இதனைத் தீர்ப்பதற்குப் புளொக்கைச் சூளையில் இட்டு, ஏறக்குறைய 550 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, மிக மெதுவாக ஆறவிடுவர்.

மேற்கு ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. கொம்பனியார் இதற்கு வேறொரு வழி கண்டனர். 1980களின் தொடக்கத்தில் அவர்கள் போர்மியூலா ஒன் பந்தயத்துக்கு ஒன்றரை லீற்றர் எஞ்சின் ஒன்றை அமைத்தபோது, அதற்கு அடிப்படையாகக் கொண்டது 1960களில் குடும்பக் கார்களுக்கென உருவாக்கிய சாதாரண வார்ப்பிரும்புப் புளொக்கையே. 1962ஆம் ஆண்டுக் காரில் அது 80 குதிரைவலு எஞ்சினைத் தாங்கியது. பந்தயத்தில் அதே அமைப்பு 600 குதிரைவலுவுக்கு மேல் தாங்க வேண்டியிருந்தது. போல் ரோஷே என்னும் பொறியியலாளரின் குழுவினர் புத்தம் புதிய புளொக்குகளைத் தேடவில்லை. சாலையில் நெடுந்தூரம் ஓடிப் பழகியவற்றை விரும்பி எடுத்தனர். பல ஆண்டுகள் சூடேறியும் ஆறியும் அவற்றின் உட்பிணக்கு முற்றாகத் தணிந்திருந்தது. 1983ஆம் ஆண்டு நெல்சன் பிக்கே அவ்வெஞ்சின் பூட்டிய காரில் உலக வெற்றிவீரரானார். டேர்போ எஞ்சினொன்று அப்பட்டத்தைப் பெற்றுக் கொடுத்தது அதுவே முதன்முறை.

நேயர்களே, இவ்வளவும் கேட்ட பின், உறுதியான புளொக் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நீங்கள் எண்ணக் கூடும். முடியவில்லை என்பதைச் சொல்லவே இத்தனை தூரம் வந்தேன்.

டேட்டோனாவில் 1963ஆம் ஆண்டு முதலிடத்திற் புறப்படும் தகுதியைப் பெற்ற கார் ஓடிய வேகம் மணிக்கு ஏறக்குறைய 161 மைல். அடுத்த ஆண்டு ஹெமி எஞ்சினோடு அது 175 மைலை எட்டியது. ஓர் ஆண்டிற் பதினான்கு மைல்! புளொக் தாங்கியது, தலை தாங்கியது, பெயரிங் தாங்கியது. அந்த வேகத்தைத் தரையோடு பிணைத்து வைத்திருந்தவை நான்கு றப்பர் ரயர்கள். 1964 செப்டெம்பர் 22ஆம் திகதி, சார்லட் நகரப் பந்தயப் பாதையில் ரயர்களைச் சோதித்துப் பார்க்கும் ஓட்டம் நடைபெற்றது. அதில் ரயர் ஒன்று வெடித்துக் கார் பாதையை விட்டுத் தூக்கி எறியப்பட்டது. சாரதி உயிரிழந்தார். அவர் வேறு எவருமல்லர். பெப்ரவரியில் டேட்டோனாவில் இரண்டாம் இடம் பெற்ற அதே ஜிம்மி பார்டியூ. ரயருக்குள்ளே இன்னொரு காப்பு ரயரை வைத்து, வெளி ரயர் வெடித்தாலும் கார் நிலைகுலையாது ஓடும் முறை, 1960களின் நடுப்பகுதியில் அந்தப் பந்தயங்களில் இடம்பெறலாயிற்று.

சிலிண்டர்ச் சுவரை விட்டு நீங்கிய பலவீனம் எங்கே போயிற்று என்பது இப்போது விளங்குகிறதல்லவா? பலவீனம் அழிவதில்லை, இடம் மாறுகிறது. ஓரிடத்தை உறுதியாக்கினால் அடுத்த மெலிந்த இடத்துக்குப் பாரம் நகரும். சுவரைத் தடிப்பாக்கினாற் பெயரிங். பெயரிங்கைப் பிணைத்தால் இணைதண்டு. எஞ்சின் முழுவதையும் உறுதியாக்கினாற் பிறேக்கும் ரயரும். கடைசியில் இருக்கையில் அமர்ந்திருக்கும் மனித உடல். அந்த உடலுக்கு மட்டும் வேறு வார்ப்பு வார்ப்பதற்கு எந்த வார்ப்புச் சாலையும் இல்லை.

ஆகவே, மலைப்பாதையிலோ சுற்றுப்பாதையிலோ தம் காரை ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினைப் பலப்படுத்துவது நல்ல கலை. பொறுமையையும் அளவையும் நேர்மையையும் கற்றுத் தரும் கலை. ஆனால் எஞ்சினுக்கு ஐம்பது குதிரைவலுவைக் கூட்டிய அன்றே, அந்த ஐம்பதும் அடுத்து எந்த உறுப்பின்மேல் போய் விழும் என்று கேளுங்கள். அக்கேள்விக்கு விடை கிடைக்கும்வரை காரைப் பாதையில் இறக்காதீர்கள். பாரம் போகும் வழியை அறிந்து, அவ்வழி முழுவதையும் காவல் செய்பவனே உண்மையில் எஞ்சினைப் பலப்படுத்தியவன்.